ஜூலை மாதத்துப் பயத்தம் உருண்டை

கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள் பால் வாங்கப் போனேன். சூப்பர்மார்க்கெட் வாசலிலேயே ஈஸ்டர் பன்னை அடுக்கி வைத்திருந்தார்கள். மெல்போர்ன்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மேலே மாவால் சிலுவைக்குறி போட்டு, உள்ளே பட்டைத்தூளும் உலர்திராட்சையும் வைத்த இந்த பன்னை ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளியன்று சாப்பிட வேண்டும். அதற்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. வெளியே வெயில் கொளுத்துகிறது, கிறிஸ்துமஸ் மரத்தையே இன்னும் எடுக்கவில்லை, அதற்குள் அடுத்த பண்டிகை வந்து வரிசையில் நின்றுவிட்டது. நானும் ஆறு பன் வாங்கிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காரில் ஏறிய பிறகு போனைப் பார்த்தால் எங்கள் தமிழ்ச் சங்கக் கமிட்டியின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி. "பொங்கல் ஹாம்பர் விநியோகத்துக்குக் கார் உள்ளவர்கள் தேவை. கை தூக்கவும்." ஹாம்பர் என்றால் பண்டிகைக்கான மளிகைப் பை. கீழே பதினான்கு மஞ்சள் கைகள். பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ், சித்திரை வருடப்பிறப்பு நாட்களில் இந்தக் குழுவில் கைகளுக்குப் பஞ்சமே இருக்காது. ஏப்ரல் பாதியில் அடங்கும் குழு, மறுபடி விழிப்பது அக்டோபரில்தான். நடுவில் குளிர்காலம் முழுக்க யாராவது பழைய சோபா விற்பனைக்கு என்று படம் போடுவதோடு சரி. நானும் ஒரு கை போட்டேன். போட்டுவிட்டு காரைக் கிளப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்த பன்னின் பட்டை வாசனையும் திராட்சை வாசனையும் கார் முழுக்க நிறைந்திருந்தன. எனக்கு அருளண்ணையின் குசினி ஞாபகம் வந்துவிட்டது.

நான் கரூர்க்காரன். சமையலறைக்குக் குசினி என்ற சொல்லையே அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். அப்போது மெல்போர்னின் கிளேட்டன் பகுதியில் இருந்தேன். படிப்பு முடிந்து முதல் வேலை கிடைத்திருந்த நேரம். ஒரே காரோட்டுப் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று சின்ன வீடுகள், யூனிட் என்பார்கள். கடைசி யூனிட் என்னுடையது. ஈரக் கம்பள வாசனை போகாத வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகத்தில் எல்லோருக்கும் வார இறுதி வாழ்த்து சொல்லிவிட்டு வந்தால், அதற்குப் பிறகு என் குரலை நான் கேட்பது திங்கட்கிழமை காலையில்தான். கடைக்காரரிடம் பேசுவதற்காகவே தக்காளியை ஒரு நாளும் வெங்காயத்தை ஒரு நாளுமாக வாங்கியிருக்கிறேன். தனிமை என்று அதற்குப் பெயர் வைக்கக் கூச்சமாக இருந்ததால் 'செட்டில் ஆகிறேன்' என்று வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கமிட்டியில் சேர்ந்தது அதனால்தான். கருணை என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். கூட்டம் நடக்கிற சனிக்கிழமைகளில் வடை போடுவார்கள், நாலு பேர் தமிழில் சத்தமாகப் பேசுவார்கள். என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதன் முன்பக்க இடது கதவை உள்ளேயிருந்துதான் திறக்க முடியும். இருந்தாலும் கார் கார்தானே, என்னை விநியோகப் பிரிவில் போட்டார்கள். படகில் வந்து அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கும் இலங்கைத் தமிழர்களுக்குத் தீபாவளி ஹாம்பர் கொடுக்க வேண்டும். கையில் ஒரு பட்டியலைத் தந்தார்கள். மூன்றாவது முகவரியைப் பார்த்தபோது அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். அது என் முகவரி. யூனிட் எண் மட்டும் வேறு.

ஏழு மாதமாக அந்த முதல் யூனிட்டைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போய் வந்திருக்கிறேன். திரை எப்போதும் மூடியிருக்கும், அந்த வீட்டின் குப்பைத்தொட்டி சரியான நாளில் வெளியே வந்து சரியான நேரத்தில் உள்ளே போகும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. உள்ளே ஒரு தமிழர் இருக்கிறார் என்பதை எனக்குச் சொல்ல ஒரு கமிட்டி தேவைப்பட்டது.

போட்டோ எடுக்க ஒருவர், பையைப் பிடித்துக்கொள்ள ஒருவர், நான் என்று மூன்று பேர் போய் மணியடித்தோம். கதவு பாதி திறந்தது. ஐம்பது வயது இருக்கும், ஒல்லியான மனிதர், வலது தோளைச் சற்று இறக்கியே வைத்திருந்தார். அவர்தான் அருளண்ணை. பையை வாங்கிக்கொண்டவர் கேமராவைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் போனார்.

"படம் வேண்டாம் தம்பி. என்ர கேஸ் இன்னும் முடியேல்லை."

"முகம் தெரியாம எடுக்கிறோம் சார், நியூஸ் லெட்டருக்கு" என்றார் எங்கள் போட்டோக்காரர். கடைசியில் இரண்டு கைகள் ஒரு பையைப் பிடித்திருக்கும் படம் வந்தது. அதில் ஒரு கை என்னுடையது.

மறுநாள் எனக்கு மனசு உறுத்தியது. பக்கத்து வீட்டுக்காரராயிற்றே என்று, நானே முதல்முறையாகச் செய்த ரவா லட்டை எடுத்துக்கொண்டு போனேன். லட்டு உருண்டையாக இருந்தது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல நல்லதாக எதுவும் இல்லை. ஆனால் அதை வைத்திருந்த எவர்சில்வர் டப்பா அம்மா கொடுத்து அனுப்பியது. மூடியில் அப்பா இனிஷியலோடு என் பெயர் வெட்டியிருக்கும். அவர் வாங்கிக்கொண்டு, "நன்றி தம்பி, பெட்டியைப் பிறகு தாறன்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு டப்பாவும் வரவில்லை, அவரும் வெளியே கண்ணில் படவில்லை.

கிறிஸ்துமஸுக்குப் போனோம், பையை வாங்கிக்கொண்டார். பொங்கலுக்குப் போனோம், கதவுக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டினார். ஏப்ரலில் மணியடித்தபோது உள்ளே டிவி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மணி அடித்ததும் அது நின்றுவிட்டது. கதவு திறக்கவில்லை. பையை வாசலில் வைத்துவிட்டு வந்தோம். காரில் வரும்போது எங்களில் ஒருவர், "எவ்வளவு செஞ்சாலும் ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறாங்க பாருங்க" என்றார். நானும் தலையாட்டினேன். எனக்குள்ளும் அதே எரிச்சல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மா வேறு, "அந்த டப்பா எங்கடா, நீ அனுப்புற சமையல்கட்டு போட்டோவுல காணோமே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு டப்பாவைத் திருப்பிக் கொடுக்கத் தெரியாத மனிதர் என்று அவருக்கு என் மனதுக்குள் ஒரு பட்டம் கொடுத்திருந்தேன்.

ஜூலையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மெல்போர்ன் ஜூலையில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். மழை பெய்யாத நாளிலும் எல்லாம் நனைந்தே இருக்கும். இரண்டு நாள் படுத்துக் கிடந்தேன். வீட்டில் ரொட்டியும் ஜாமும்தான் இருந்தன, விழுங்க முடியவில்லை. போனை எடுத்து யாரைக் கூப்பிடலாம் என்று பார்த்தேன். கமிட்டி குழுவில் நூற்றுக்கு மேற்பட்ட பேர் இருந்தார்கள். ஒருவருடைய எண்ணையும் அழுத்தக் கை வரவில்லை. எல்லோரும் நல்லவர்கள்தான், ஆனால் ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் கூப்பிட்டு, 'எனக்குச் சோறு இல்லை' என்று சொல்லும் அளவுக்கு அவர்களில் யாரையும் எனக்குத் தெரியாது. அன்று நான் அழுதேன், இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

மறுநாள் மத்தியானம் போர்வையைச் சுற்றிக்கொண்டு முதல் யூனிட் கதவைத் தட்டினேன். மணியடிக்கத் தோன்றாமல் கையால் தட்டினேன். கமிட்டிக்காரர்கள் மணியடிப்பார்கள்; தட்டினதால்தான் திறந்தேன் என்று பிறகு சொன்னார்.

"அண்ணே, கொஞ்சம் கொத்தமல்லி இருக்குமா? காய்ச்சல், தொண்டை கட்டிக்கிச்சு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உள்ளுக்கை வாங்கோ. இந்தக் குளிருக்கை ஏன் வெளிய நிக்கிறியள்? கதிரையில இருங்கோ."

குசினியில் ஒரு சின்ன மேசை, இரண்டு கதிரை, அதாவது நாற்காலி. மல்லியை வறுத்து, இஞ்சியைத் தட்டிப் போட்டு, கொதிக்க வைத்து ஒரு கோப்பை கொடுத்தார். மல்லித்தண்ணி. எனக்கு அந்தச் சூடு நெஞ்சுக்குள் இறங்கிய பிறகுதான் சுற்றிலும் பார்க்க முடிந்தது. பார்த்தால் அலமாரிக்கு மேல் வரிசையாக டப்பாக்கள். எவர்சில்வர், கண்ணாடி, பூப்போட்ட பிளாஸ்டிக், ஒரு பெரிய தூக்குச்சட்டி. ஒவ்வொன்றும் கழுவித் துடைத்து, மூடி பொருத்தி, பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் பேனாவால் பெயர் எழுதியிருந்தது. 'மல்கிரேவ் அன்ரி', 'கண்ணாடி போட்ட தம்பி', 'கோயில் அக்கா.' மொத்தம் பதினொன்று. என்னுடையதில் 'பின்வீட்டுத் தம்பி' என்று இருந்தது, மூடியில் என் பெயர் வெட்டியிருந்தும்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், கமிட்டி கொடுப்பது பையில்தான். ஆனால் நம் ஆட்கள் பையோடு நிறுத்த மாட்டார்கள். வீட்டில் செய்த முறுக்கு, கேசரி, லட்டு என்று தங்கள் டப்பாவிலும் கொஞ்சம் வைத்துக் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்தப் பதினொன்றும் அப்படி வந்தவை.

"என்ன அண்ணே, திருப்பிக் கொடுக்கலையா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். "வெறும் பெட்டியை எப்பிடித் தம்பி தாறது? எங்கட வீட்டில அப்பிடிப் பழக்கமில்லை. ஏதாவது போட்டெல்லோ குடுக்கவேணும்."

"எதையாவது போட வேண்டியதுதானே?"

"என்னத்தைப் போட? இங்கை இருக்கிறது எல்லாம் நீங்கள் தந்ததுதானே. உங்கட பருப்பை உங்களுக்கே போட்டுத் தாறதே?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அலமாரியைத் திறந்து காட்டினார். பச்சரிசி, பாசிப்பருப்புப் பாக்கெட்டுகள், வெல்லம், முந்திரி, திராட்சை. பொங்கலுக்கு மூன்று சங்கங்கள் வந்திருக்கின்றன. மூன்றும் அதே ஐந்து பொருளைக் கொடுத்திருக்கின்றன. காய்கறி பேக் செய்யும் தொழிற்சாலையில் தோள் போய், வேலையும் போய், வீட்டில் உட்கார்ந்திருந்த மனிதர் அவர். மனைவியும் மகளும் மன்னாரில். மகளைக் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு நாலு வயதாம். பெட்டிகள் சேரச் சேர, கொண்டுவந்தவர்களின் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கமாகிப் போயிருக்கிறது. அதனால்தான் மணியடித்தால் டிவியை நிறுத்திவிட்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். நாங்கள் கொண்டுபோன ஒவ்வொரு பண்டிகையும் அந்தக் கதவை இன்னும் கொஞ்சம் மூடியிருக்கிறது. நன்றிகெட்டவர் என்று நான் முடிவுகட்டிய ஆள், வெறுங்கையோடு என் வாசலுக்கு வர முடியாமல் ஒன்பது மாதம் ஒளிந்திருந்தவர்.

எனக்கு நாலு நாள் கஞ்சியும் மல்லித்தண்ணியும் வந்தன. நாலாம் நாள் என் டப்பாவிலேயே வந்தன. "இப்ப தரலாம்தானே" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மீதிப் பத்து டப்பாவுக்கும் யோசனை சொன்னது நானா அவரா என்று இப்போது சரியாக நினைவில்லை. நான் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஒரு சனிக்கிழமை காலை, சேர்ந்து கிடந்த பாசிப்பருப்பையெல்லாம் சட்டியில் போட்டு வறுத்தோம். மாவாக அரைத்து, வெல்லப்பாகில் மிளகும் சீரகமும் ஏலக்காயும் சேர்த்து, முந்திரி, திராட்சை, தேங்காய்ப்பூ எல்லாம் போட்டுப் பிசைந்து பயத்தம் உருண்டை பிடித்தோம். அந்த வாசனை ஈரக் கம்பளத்தை மீறி என் யூனிட் வரை வந்தது. ரவா லட்டில் தோற்ற கைக்கு இது கொஞ்சம் பரவாயில்லை. "அமத்திப் பிடியும், அமத்திப் பிடியும்" என்று என் கையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் வாயில் நான் 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீர்' என்பதற்கு இறங்கியது அன்றுதான். அது இறக்கம் இல்லை, ஏற்றம் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

பிறகு வாராவாரம் சனிக்கிழமை என் காரில் கிளம்பினோம். அவர் பக்கத்துக் கதவை நான் உள்ளிருந்து கையை நீட்டித் திறந்துவிட வேண்டும். மூன்றாவது வாரம் அவரே அதைக் கழற்றிச் சரிசெய்துவிட்டார். ஊரில் படகு எஞ்சின் பார்த்தவருக்கு அது ஒரு வேலையா. மடியில் நிரம்பிய டப்பாவோடு, பட்டனெல்லாம் போட்ட சட்டையில், பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி உட்கார்ந்து வருவார்.

ஜூலையில், ஆகஸ்டில், எந்தக் காரணமும் இல்லாமல் ஒருவர் வந்து நின்றால் நம்மவர்கள் படும் பாட்டை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கமிட்டித் தலைவர் கதவைத் திறந்ததும், "என்ன ஆச்சு? கேஸ் ரிஜெக்ட் ஆயிடுச்சா? லாயர் நம்பர் தரட்டுமா?" என்று பதறினார். பயத்தம் உருண்டை என்று சொன்ன பிறகும் ஐந்து நிமிடம் எங்களைச் சந்தேகமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் மணியில் பொருத்திய கேமரா வழியே எங்களைப் பார்த்துவிட்டு, "டொனேஷன் எல்லாம் ஆன்லைன்லதான்" என்று ஸ்பீக்கரில் சொன்னார்கள். அருளண்ணை டப்பாவைக் கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டினார். திரும்பி வரும்போது இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் நான் காரை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று.

மல்கிரேவ் வீடுதான் கடைசி. கண்ணாடிக் கதவு வைத்த பெரிய இரட்டை மாடி. சரோஜா அன்ரிக்கு எழுபதுக்கு மேல். கணவர் போய் இரண்டு வருடம், மகன்கள் இருவரும் சிட்னியில்.

"ஆர், அருளே? என்ன விசேஷம்?"

"ஒரு விசேஷமும் இல்லை அன்ரி. பெட்டியைத் தர வந்தனான்."

அன்ரி டப்பாவை வாங்கவேயில்லை, எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "விசேஷம் ஒண்டும் இல்லாமல் இந்த வீட்டுக்கு ஆள் வந்து கன காலம்" என்றார்.

மூன்று மணி நேரம் எங்களை விடவில்லை. தேநீர், அதற்குப் பிறகு இடியப்பம், அதற்குப் பிறகு மறுபடி தேநீர். பட்டியலில் அவர் பெயர் கொடுப்பவர்கள் பக்கம் இருந்தது. அதை நான் அதுவரை சந்தேகப்பட்டதே இல்லை. கிளம்பும்போது கராஜ் ஓரத்தில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகளில் குப்பை குவிந்திருப்பதை அருளண்ணை பார்த்துவிட்டார். காரோட்டுப் பாதை சரிவு. பெரிய சக்கரத்தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போக அன்ரிக்கு முடியவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. மகன்கள் அன்னையர் தினத்துக்குப் பூ அனுப்புகிறவர்கள். அவர்களிடம் போய்க் குப்பையைப் பற்றி எப்படிச் சொல்வது என்று அன்ரி நினைத்திருக்கலாம்.

அடுத்த வியாழனிலிருந்து அருளண்ணை பஸ் பிடித்து மல்கிரேவுக்குப் போக ஆரம்பித்தார். தொட்டியைத் தெருவில் வைத்துவிட்டு, ஒரு தேநீர் குடித்துவிட்டு, ஒழுகும் குழாய் ஏதாவது இருந்தால் முறுக்கிவிட்டு வருவார். ஒரு வியாழன் கொட்டும் மழை. "இன்னிக்கு ஒரு நாள் விட்டுறலாமே அண்ணே" என்றேன். குடையை விரித்துக்கொண்டே, "குப்பைக்குத் தீபாவளி தெரியுமே தம்பி? அது ஒவ்வொரு கிழமையும்தான் நிரம்புது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கும் அவருக்கும் புதன்கிழமை. வேலை முடிந்து வந்ததும் அவர் குசினியில் உட்கார்வேன். அந்த வாரத்துக் கடிதங்களைப் பிரிக்காமல் மேசையில் வைத்திருப்பார். ஆங்கிலம் கொஞ்சம் வாசிப்பார், ஆனால் விசா சம்பந்தப்பட்ட உறையைத் தனியாகப் பிரிக்க அவருக்குத் தைரியம் வராது. நான் பிரித்து, முதலில் மனதுக்குள் படித்து, பிறகு சொல்ல வேண்டும். நான் மனதுக்குள் படிக்கிற அந்த அரை நிமிடம் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் எந்தக் கடிதமாக இருந்தாலும் முகத்தை அசைக்காமல் படிக்கப் பழகியிருந்தேன். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது, காத்திருக்கவும். இன்னும் சில வருடம் இருக்க ஒரு தற்காலிக விசா, அது முடிந்தால் மறுபடி விண்ணப்பம். அது நிரந்தரமானால்தான் மனைவியையும் மகளையும் பார்க்கலாம். வேறு எதற்காகவும் அவர் காத்திருக்கவில்லை.

"வந்தால் நீர்தான் வாசிக்கவேணும்" என்பார். "அண்டைக்கு முகத்தை ஆட்டலாம்."

இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. இந்த நாட்டுக்கு வந்து நான் தனியாக இல்லாமல் இருந்த வருடங்கள் எவை என்று கேட்டால், கல்யாணத்துக்குப் பிந்தியவற்றை அல்ல, அந்த இரண்டைத்தான் சொல்வேன். மனைவி இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளலாம், ஆனால் அவளுக்கும் தெரியும்.

கல்யாணம் ஆயிற்று, கிரான்பர்னில் வீடு கட்டினோம். நாற்பது நிமிட தூரம். "புதன்கிழமை தவறாம வந்துருவேன்ண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் சாமான் ஏற்றினேன். அவர் "ஓம், ஓம், குளிருக்குள்ள ஓடித் திரியாதையும்" என்றார். சில மாதம் போனேன். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கடிதங்களைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன், படித்துவிட்டுக் குரல் செய்தி அனுப்புவேன். பிறகு குழந்தை, வீட்டுக்கடன், பதவி உயர்வு, நெடுஞ்சாலை வேலை என்று வரிசையாகக் காரணங்கள் இருந்தன. எல்லாம் உண்மையான காரணங்கள்தான். இடையில் சரோஜா அன்ரியை மகன்கள் சிட்னிக்குக் கூட்டிப்போய்விட்டார்கள், அந்த இரட்டை மாடி விலைபோய்விட்டது. அதை நான் இரண்டு மாதம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். அருளண்ணையின் வியாழக்கிழமை காலியாகிவிட்டதே, போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததை அவரிடம் சொல்லக்கூட இல்லை.

கடைசி மூன்று வருடமாக நான் போவது தீபாவளிக்கு மட்டும். கடையில் வாங்கிய இனிப்பு அட்டைப்பெட்டியோடு போவேன். அட்டைப்பெட்டியைத் திருப்பித் தர வேண்டியதில்லை, இல்லையா. போன வருடம் அவர் கதவைத் திறந்து, "என்ன, விசேஷத்துக்கு வந்தீரோ" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். குசினிக்குள் போகவில்லை, வாசலிலேயே நின்று பேசினோம். என் மகள் காரில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இந்தத் தீபாவளிக்குப் போனபோது முன்பக்கம் தகர வேலி போட்டிருந்தார்கள். மூன்று யூனிட்டையும் இடித்துவிட்டு மாடி வீடுகள் வரப்போவதாக ஒரு பலகை. முதல் யூனிட் ஜன்னலில் திரை இல்லை, உள்ளே சுவர் தெரிந்தது. என் பழைய யூனிட்டில் மட்டும் இன்னும் ஆள் இருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மதுரைப் பையன்கள் இரண்டு பேர்.

"அருள் அங்கிளா? அவருக்கு பி.ஆர். வந்துருச்சு அண்ணா. வீட்டைக் காலி பண்ணிட்டு திருச்சி போயிட்டாரு. அவரு இலங்கைக்குப் போகக் கூடாதாம், அவங்க ஒய்ஃபும் பொண்ணும் அங்க வந்து அவரைப் பார்க்கிறாங்க. நாலு மாசம் ஆச்சே, உங்களுக்குத் தெரியாதா?"

அந்த நான்கு மாதமும், கிளேட்டனில் எனக்கு ஒருவர் இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அங்கேயே நின்று அவர் எண்ணுக்கு அடித்தேன், அந்த எண் இப்போது புழக்கத்தில் இல்லை என்றது. பையன்களிடமும் புது எண் இல்லை. பிறகு கமிட்டியிலும் விசாரித்தேன். நிரந்தர விசா வந்துவிட்டதால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டோம், எண்ணையும் அழித்துவிட்டோம் என்றார்கள்.

"லெட்டர் வந்த அன்னிக்கு அங்கிளைப் பார்த்தேன்" என்றான் இன்னொரு பையன். "கவரைப் பிரிக்காமலே கையில வச்சுக்கிட்டு வெளிய நின்னுட்டிருந்தாரு. யாருக்கோ ரெண்டு தடவை போன் பண்ணாரு, அவங்க எடுக்கல. அப்புறம்தான் எங்க கதவைத் தட்டினாரு. நான்தான் படிச்சுச் சொன்னேன். அப்படியே என்னைக் கட்டிப்பிடிச்சுட்டாரு அண்ணா. சாயங்காலம் எல்லாருக்கும் கேசரி."

இனிப்புப் பெட்டியை அவர்களிடம் கொடுத்துவிட்டு வந்து காரில் உட்கார்ந்தேன். கடிதம் வந்தது என்ன நாள் என்று கேட்டுக்கொண்டு வந்திருந்தேன். ஜூனில், தேர்வுக்கு முந்தைய புதன்கிழமை என்றான். போனில் தவறிய அழைப்புகளை ஜூன் வரை பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். இருந்தது. அவர் பெயர், மதியம் ஒன்று பத்துக்கு ஒருமுறை, ஒன்று பன்னிரண்டுக்கு ஒருமுறை.

எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. மீட்டிங்கில்கூட இல்லை. அலுவலகக் கார் நிறுத்தத்தில் தனியாக உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் மடியில் இருந்தது. இரண்டு தடவையும் அவர் பெயரைப் பார்த்தேன். ஏதாவது உதவி கேட்கத்தான் கூப்பிடுகிறார், சனிக்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.